ரங்கூனுக்கு மூட்டை கட்டுமுன் ஒரு தம்ளர் தண்ணீர்

சென்ற முறை தமிழ்நாட்டுக்கு, ஊருக்குப் போய்த் திரும்பும்போது, தங்கியிருந்த லாட்ஜுக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் உதிரியாக வாங்கினேன். நிறத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். ரங்கூன் வந்து ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவினால், சிவப்புச் சாயம் நூல் நூலாக இறங்குகிறது. அங்கேயே பார்த்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கடல் தாண்டி வந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

சாயத்துக்கு பர்மாத் தமிழர்களான நாம் புதியவர்கள் அல்ல. 2009-இல் பர்மாவில் லப்பெட் என்ற, ஊறவைத்துச் சாப்பிடும் தேயிலையில் ஆரமைன் என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து பல நிறுவனங்களின் சரக்கை அரசு தடை செய்தது. பளிச்சென்ற நிறத்துக்கு ஆசைப்படும் நம் கண்தான் எங்கேயும் ஏமாறுகிறது.

ஆகவே கடைசி நாள் ஷாப்பிங் வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே எதையும் நூறு கிராம் வாங்கி அறையில் சோதித்துவிட்டு, மறுநாள் அதே கடையில் மொத்தமாக வாங்குங்கள். தேவைப்படுவது ஒரு கண்ணாடித் தம்ளர், தீப்பெட்டி, பழைய கரண்டி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சிறிய அயோடின் குப்பி.

மிளகாய்த்தூளைத் தண்ணீரின் மேல் தூவி, கலக்காமல் பாருங்கள். கோடு கோடாக நிறம் இறங்கினால் சாயம். அடியில் தங்கியதை விரலால் தேய்த்து நறநறவென்றிருந்தால் செங்கல் பொடியோ மணலோ இருக்கலாம். ஆனால் சூடான் வகைச் சாயங்கள் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் அவை அகப்படாது, அதற்கு ஆய்வகம்தான். அதனால் இப்போதெல்லாம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை முழுசாக வாங்கி, பூஞ்சை இல்லையா என்று ஒவ்வொரு பிடியாகப் பார்த்து, இங்கே வந்து அரைத்துக்கொள்கிறோம். பெட்டியில் இடம் அதிகம் பிடிக்கும், சரி, பரவாயில்லை.

மஞ்சளும் அப்படித்தான். தூளைத் தண்ணீரில் போட்டால் நல்ல மஞ்சள் அடியில் தங்கி, மேலே வெளிர் மஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளானால் சந்தேகப்படுங்கள். விரலி மஞ்சள் வாங்கினால், தண்ணீரில் போட்டவுடனே நிறம் பிரியக் கூடாது. மினுமினுப்புக்காக லெட் குரோமேட் பூசுவது உண்டு. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமிலம் ஊற்றிப் பார்க்கும் சோதனையும் ஒன்று இருக்கிறது, லாட்ஜ் அறையில் அந்த வேலை வேண்டாம். மஞ்சளில் அயோடினும் விடாதீர்கள். மஞ்சளிலேயே மாவுச்சத்து உண்டு, நல்ல சரக்கும் கறுத்துப் போகும்.

பெருங்காயத்தில்தான் நம்மவர்கள் வீணாகச் சண்டை போடுகிறார்கள். கடையில் பெரும்பாலும் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். பிசினும் மாவும் கலந்துதான் செய்வார்கள், சட்டமே அனுமதிக்கிறது. அயோடினில் நீலமானால் அது கலப்படம் ஆகாது. சுத்தமானது என்று விலை சொன்னால் மட்டும் ஒரு துணுக்கைக் கரண்டியில் வைத்துக் கொளுத்துங்கள், கற்பூரம் போல் எரிய வேண்டும். அயோடினை நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீலம் கண்டால் மாவு கலந்திருக்கிறது.

மிளகில் பப்பாளி விதை கலந்தால் தண்ணீரில் மிதக்கும். வற்றிய மிளகும் மிதக்கும், அதனால் மிதப்பதைக் கடித்துப் பாருங்கள். காரம் இல்லாமல், நீள்வட்டமாகச் சுருங்கியிருந்தால் பப்பாளி. சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்தால் கை கறுக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் முழுவதும் உறைய வேண்டும். மேலே தனியாக ஒரு படலம் நின்றால் வேறு எண்ணெய்.

அப்புறம் தேன். கொடைக்கானல் பக்கம், சுத்தமான தேன் என்று காட்டுவதற்காகத் திரியைத் தேனில் தொட்டுக் கொளுத்திக் காட்டுவார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். 2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், வழக்கமான ஆய்வகச் சோதனைகளுக்கே சிக்காத சர்க்கரைப் பாகு தேனில் கலக்கப்படுவதை வெளிப்படுத்தியது. திரி எம்மாத்திரம்!

பாக்கெட் சரக்கானால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சோதனையில் தேறாததை, பில்லோடு அன்று மாலையே கடைக்குக் கொண்டு போங்கள். பெரும்பாலும் பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.