வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடி: சித்திரை முதல் நாளுக்கு, காரணங்களோடு ஒரு செய்முறை

ஏப்ரல் 14-ஐ ஒட்டிச் சித்திரை பிறக்கிறது. அதே நாட்களில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது, மாமரத்தில் காய் முற்றுகிறது, வெயிலும் ஏறத் தொடங்குகிறது. புத்தாண்டு இலையில் இந்தப் பச்சடி இடம்பிடித்ததற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்: அந்தப் பதினைந்து நாட்களில் கைக்கு எட்டுவதே அதில் இருக்கிறது. வாழ்க்கையின் இன்பமும் துன்பமும் என்ற விளக்கத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அடுப்படியில் பேசுகிறேன். பச்சடி செய்யும்போது எதை முன்னே போட வேண்டும், எதைப் பின்னே போட வேண்டும் என்பதிலேயே உடல்நலத்துக்கான காரணங்கள் பாதி அடங்கியிருக்கின்றன.

ஆறு பேருக்குத் தேவையானவை: நடுத்தரமான புளிப்பு மாங்காய் ஒன்று, பொடித்த வெல்லம் 100 கிராம், உலர்ந்த வேப்பம்பூ ஒரு தேக்கரண்டி, நெய் இரண்டு தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஒன்று, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு கால் தேக்கரண்டி.

1. பூ சேர்த்தல்

இதைப் பங்குனியிலேயே தொடங்கிவிட வேண்டும். இரவில் மரத்தடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து வைத்தால், விடியற்காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். தரையிலிருந்து பொறுக்காதீர்கள், மண்ணும் எறும்பும் சேர்ந்து வரும். பேருந்துப் புகை படியும் சாலையோர மரமும் வேண்டாம். காம்பு, சருகு நீக்கி முறத்தில் புடைத்து, நொறுங்கும் வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பூவைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மரம் இல்லாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், தேன் போன்ற மெல்லிய மணம் இருக்க வேண்டும்.

2. மாங்காய்

கிளிமூக்கு மாங்காய் புளிப்புக் குறைந்தது, வெல்லமும் குறைவாகவே பிடிக்கும். நாட்டு மாங்காய் நன்றாகப் புளிக்கும். பச்சடிக்கு என் விருப்பம் அதுதான். நன்றாகக் கழுவி, தோலோடு நறுக்குங்கள். தோலில்தான் துவர்ப்பு இருக்கிறது. அதைச் சீவிவிட்டால் அறுசுவையில் ஒன்று போய்விடும்.

3. வேக வைத்தல்

பாத்திரம் எவர்சில்வர் அல்லது மண்சட்டியாக இருக்கட்டும். புளிப்பு அலுமினியத்தையும் வெள்ளீயம் பூசாத பித்தளையையும் அரிக்கும்; அந்த உலோகம் உணவில் இறங்கும். முக்கால் கப் தண்ணீரில் மஞ்சள், உப்புடன் மாங்காயைப் போட்டு மூடி, மிதமான தீயில் மென்மையாகும் வரை வேக விடுங்கள். மாங்காயின் வைட்டமின் சி சூட்டில் கொஞ்சம் அழியும், கொஞ்சம் தண்ணீரில் கரையும். அதனால்தான் தண்ணீரை அளவாக வைக்கச் சொல்கிறேன். வெந்த நீரை வடித்துக் கொட்டக் கூடாது, அதுதான் பச்சடியின் சாறு.

4. வெல்லம், மாங்காய் வெந்த பிறகே

முதல் முறை செய்பவர்கள் தவறுவது இங்கேதான். வெல்லத்தை முன்பே போட்டால் மாங்காய் அப்படியே விறைத்து நிற்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாது. வெல்லத்தைச் சிறிது வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றி, தேன் பதத்துக்குக் கொதிக்க விடுங்கள். பளிச்சென்று வெளிறிய மஞ்சள் வெல்லத்தை வாங்காதீர்கள். ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் பொருளை அதிகம் சேர்த்துத்தான் பல இடங்களில் அந்த நிறத்தை வரவழைக்கிறார்கள். கருத்த வெல்லமே நல்லது.

வெல்லத்தில் சிறிது இரும்புச்சத்து உண்டு. தாவர உணவின் இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவும். ஆகவே வெல்லமும் மாங்காயும் சேர்வது நல்ல சேர்க்கை. ஆனால் 100 கிராம் வெல்லத்தில் சுமார் 85 கிராம் சர்க்கரைதான். கசப்பு இனிப்பை முறித்துவிடும் என்று சொல்லி நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இரண்டாம் கரண்டி வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. நாக்கு கசந்தாலும் சர்க்கரை சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கும். அவர்களுக்கு இலை ஓரத்தில் அரைத் தேக்கரண்டி போதும்.

5. தாளிப்பு

ஒரு தேக்கரண்டி நெய்யில் கடுகு வெடித்ததும் மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பச்சடியில் கொட்டுங்கள்.

6. வேப்பம்பூ, கடைசியில்

மீதி நெய்யில் சிறுதீயில் பூவை வறுங்கள். பழுப்பு நிறம் வந்து மணம் எழுந்ததும் இறக்கிவிடுங்கள். கருகினால் புகை வாடைதான் மிஞ்சும். பரிமாறும் நேரத்தில் மேலே தூவுங்கள். முன்பே கலந்தால் பூ ஊறிப்போய், கசப்பு பச்சடி முழுவதும் இறங்கிவிடும். குழந்தைகள் இலையைத் தள்ளிவிடுவார்கள்.

கைப்புச் சுவை பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும் என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. வெயிலில் பசி மந்தமாகும் நாட்களில் புளிப்பும் கசப்பும் உமிழ்நீரைச் சுரக்க வைப்பதை அன்று இலையில் உட்கார்ந்தவுடன் நீங்களே உணரலாம். விருந்தின் தொடக்கத்தில் பச்சடியைத் தொட்டுக்கொள்ளச் சொல்வது எனக்கு அதனால்தான் பொருத்தமாகப் படுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு சிட்டிகைப் பூ தின்றால் இரத்தம் சுத்தமாகும், வருடம் முழுக்க நோய் வராது என்று பரப்புவதை மட்டும் நான் ஏற்கவில்லை. நல்ல உணவுக்கு அந்தப் பொய்ப்புகழ் தேவையில்லை.

பூ நல்லது என்பதற்காக வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் புகட்டிவிடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு அது நஞ்சாகி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் வேம்பை மருந்தாக, மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

தெலுங்கு, கன்னட வீடுகளின் உகாதிப் பச்சடி இதற்கு உறவுதான். அதைப் பெரும்பாலும் அடுப்பில் ஏற்றுவதில்லை. புதுப்புளிக் கரைசலில் பச்சை மாங்காய், வெல்லம், அன்று பறித்த வேப்பம்பூ, உப்பு, காரம் கலப்பார்கள். மாங்காயை வேக வைக்காததால் அதன் வைட்டமின் சி சூட்டில் அழிவதில்லை. மராட்டியர்கள் தங்கள் புத்தாண்டான குடிபாட்வா அன்று வேப்பங்கொழுந்தையே வெல்லத்தோடு மென்றுவிடுகிறார்கள்.

மிஞ்சிய பச்சடியைப் பூ தூவாமல் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். மிஞ்சிய பூவைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு வையுங்கள். வயிறு மந்தமான ஒரு நாளில் புளிக்கரைசலில் பெருங்காயம், உப்பு, மிளகாய் சேர்த்துக் கொதிக்க வைத்து இறக்கி, நெய்யில் வறுத்த பூவை மேலே போட்டு மூடிவிட்டால் வேப்பம்பூ ரசம் தயார்.