கம்பத்துத் தலைப்பைப் பார்த்து ஓட்டை முடிவு செய்கிறீர்களா?

தேர்தல் வந்தால் நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் விளக்குக் கம்பங்களில் கட்சித் தட்டியோடு பத்திரிகைத் தலைப்பு அட்டையும் தொங்கும், நாலைந்து வார்த்தை, பெரிய எழுத்து. ரோபோட்டில் நிற்கும்போது (சிக்னலுக்கு நம்மூரில் அதுதானே பேர்) அதைப் படித்துவிட்டு வீட்டில் ஆயாவிடம் "அந்தக் கட்சி தேறாது" என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறோம். செய்தியைப் படித்தோமா? நானும் படித்ததில்லை.

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற ஊடக ஆய்வாளர்கள் இருவர் சேப்பல் ஹில் ஊரில் வாக்காளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். மக்கள் எதை முக்கியப் பிரச்சினை என்றார்களோ, அது ஊடகங்கள் அழுத்திச் சொன்னவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. யாருக்கு ஓட்டு என்பதை விட, எதைப் பற்றிப் பேசுவது என்பதைத்தான் ஊடகம் நமக்குள் நுழைக்கிறது.

அதனால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிரச்சாரம் சூடு பிடிக்கும் முன்பே உங்கள் தெருவின் முக்கியப் பிரச்சினைகள் மூன்றைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், தண்ணீர், வேலை, திருட்டு, எதுவானாலும் சரி. வாரம் ஒருமுறை, சாப்பாட்டு மேசையில் நீங்கள் பேசுவது அந்த மூன்றா, தலைவர்களின் சண்டையா என்று பாருங்கள்.

அப்புறம், வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் ரேடியோ, டிவியில் கட்சி விளம்பரம் கூடாது. அந்த நேரத்தில் வாட்ஸ்அப் ஓயாது. சந்தேகமாக வருவதைப் பகிராமல் ரியல்411 என்ற, பொய்த் தகவல் பற்றிய புகார்களை வாங்கும் இணையதளத்தில் புகார் கொடுங்கள்.