லாரியை விடுங்கள், அதன் தோலைப் படமெடுங்கள்

என் அப்பா திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். தகரத்தின் மேல் துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு பூச்சு, அதன் மேல் மேடுபள்ளத்தை நிரவும் பட்டி, உப்புத்தாளால் தேய்ப்பு, அப்புறம்தான் நிறம். பிறகு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போதெல்லாம் பழைய நிறத்தின் மேலேயே இன்னொரு கோட். நெடுங்காலம் ஓடிய லாரியின் கதவில் இப்படி அடுக்கடுக்காக வருஷங்கள் ஒட்டிக் கிடக்கும். வண்டியை வெயிலிலும் மழையிலும் விட்டுவிட்டால் அவை பொருக்கு விட்டு உரியத் தொடங்கும். நான் தேடிப் போவது அந்தப் பொருக்கைத்தான்.

ஆரம்பத்தில் முழு லாரியையும் எடுத்தேன். சங்ககிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேப்பமரத்தடியில் டயர் இல்லாமல் உட்கார்ந்திருந்த கேபின் அது. எத்தனை படம் எடுத்தாலும் ஒரே சோகம்தான் வந்தது. சலித்துப்போய்க் கதவோரம் குனிந்தபோது, நீலம் உரிந்த இடத்தில் பழுப்பும், அதற்கடியில் செங்காவியும் தெரிந்தன. நேஷனல் பர்மிட் லாரிக்கு வைத்திருந்த காய்ந்த இலைப் பழுப்பு அது. ஓரமெல்லாம் கடற்கரை வரைபடம் மாதிரி நெளிந்திருந்தது. அன்றைக்கு அந்த உள்ளங்கை அளவு இடத்திலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டு வண்டியை ஒரு முறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். போல்ட்டுக்குக் கீழே மழைநீர் ஒழுகிய துருக்கோடு, மட்கார்டின் மடிப்பு, டேங்க்கின் அடிப்பக்கம் என்று உள்ளங்கையால் மூடக்கூடிய ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடி, விளக்கு என இது வண்டி என்று காட்டிக்கொடுப்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போகட்டும். ஒரு ரிவிட் மட்டும் இருந்தால் விட்டுவிடுவேன். கண்ணுக்கு ஒரு பிடி வேண்டும். பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருந்தால் எனக்குக் கொண்டாட்டம். ‘ஒ’வில் பாதி உதிர்ந்துபோனால் அது எழுத்தாக இருப்பதை விட்டு வெறும் வளைவாகிவிடும்.

கண்ணாடியையும் பாருங்கள். முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால் உடைந்தாலும் உதிராமல் சிலந்தி வலையாக நிற்கும். பின்னால் கறுப்புத் துணி கட்டிவிட்டு எடுத்தால் விரிசல் மட்டும் எழுந்து வரும். கதவுக் கண்ணாடி அப்படியில்லை, கல்கண்டாகப் பொடிந்துவிடும்.

பொருக்கின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், எட்டு மணிக்குள் எடுங்கள். நிறம் வேண்டுமானால் மேகமூட்டமோ நிழலோ நல்லது. ஐப்பசி மழை நின்றதும் போனால் ஈரத்துரு குங்குமமாகச் சிவந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் லீவு போட்டிருக்கிறேன். நிறச் சமநிலையை, அதாவது வொயிட் பேலன்ஸை, ‘டேலைட்’டில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா துருவின் ஆரஞ்சைத் தவறென்று நினைத்து வெளுத்துவிடும். லென்ஸ் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப்/8 அல்லது எஃப்/11 போதும், ஆனால் லென்ஸ் தகரத்துக்கு நேர் எதிரே இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதிப் படம் மங்கும். லென்ஸ் முன்னால் போலரைசர் ஃபில்டர் போட்டால் பெயிண்டின் பளபளப்பு அடங்கும், வெறும் இரும்பின் மினுமினுப்பு அடங்காது. செல்போனா? ஒட்டிப் போகாமல் இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். உங்கள் நிழல் விழாது.

அமெரிக்காவில் ஆரோன் சிஸ்கிண்ட் என்ற புகைப்படக் கலைஞர் 1940களிலேயே உரிந்த பெயிண்டையும் கிழிந்த சுவரொட்டியையும் இப்படி நெருங்கி எடுத்தார். அவர் படங்கள் கறுப்பு வெள்ளை. நம் லாரிகளுக்கு நிறம் வேண்டும் என்பது என் கட்சி.

கேட்காமல் எங்கும் நுழையாதீர்கள். கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர், “ஏனுங் தம்பி, நல்ல வண்டி அத்தன ரோட்டுல போகுது, இதைப் போயி எடுக்கறீங்க?” என்றார். திரையில் காட்டினேன். அதன் பிறகு அவரே இடம் காட்டினார். காவல் நிலையத்தில் நிற்கும் வழக்கு வண்டிகளை அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. அண்மையில் விபத்தில் நசுங்கிய வண்டியை நான் எடுப்பதே இல்லை. அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஷூ போடுங்கள். பானெட்டைக் குச்சியால் தட்டிவிட்டுக் கிட்டே போங்கள். பாம்பு இருக்கும், மட்கார்டுக்கு அடியில் குளவிக்கூடு இருக்கும். தகரம் கிழித்தால் டெட்டனஸ் ஊசி போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரிண்ட் போடும்போது பளபளப்பில்லாத மேட் தாள் கேளுங்கள். சங்ககிரிப் படத்தை அப்பாவிடம் கொடுத்தேன். எதன் படம் என்று சொல்லவில்லை. நகத்தால் அந்த நீல ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “பட்டியச் சரியாத் தேய்க்காம அடிச்சிருக்காங்க கண்ணு” என்றார்.