முள் ஏன் 2 வோல்ட்டில் நின்றது?

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மாணவி, 6 வோல்ட் பேட்டரி எலிமினேட்டருடன் (பேட்டரிக்குப் பதிலாக மின்சாரம் தரும் பெட்டி) பழுப்பு, கருப்பு, ஆரஞ்சுப் பட்டைகள் கொண்ட இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்திருந்தாள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 3 வோல்ட் வரவேண்டிய இடத்தில் வோல்ட்மீட்டரின் முள் 2 வோல்ட்டிலேயே நின்றது.

"இரண்டும் இரண்டும் நான்குதானே, மீதி 2 வோல்ட் எங்கே சார்?" என்று கேட்டாள். மிக நியாயமான கேள்வி.

கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன், மின்தடைகளையும் மாற்றினேன், பயனில்லை. எலிமினேட்டரின் முனைகளில் மட்டும் மீட்டர் 6 வோல்ட்டைச் சரியாகவே காட்டியது. பிறகுதான் மீட்டர் முகப்பின் கீழ்மூலையில், ஒரு வோல்ட்டுக்கு 1000 ஓம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது கண்ணில் பட்டது. அப்படியானால் 10 வோல்ட் வரை அளக்கும் நெடுக்கத்தில் மீட்டரின் தடையே 10 கிலோ ஓம். அது மின்தடையுடன் பக்க இணைப்பில் சேரும்போது அந்தப் பகுதியின் தடை 5 கிலோ ஓமாகக் குறைந்து, மொத்த மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அங்கே விழுகிறது.

10 மெகா ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்ததும் 3.00 என்று காட்டியது. அது ஒன்றே இருந்ததால், மற்ற குழுக்களுக்கு 100 ஓம் மின்தடைகளைக் கொடுத்தேன். மீட்டரின் 10 கிலோ ஓமுக்கு முன் இவை மிகச் சிறியவை என்பதால், பழைய மீட்டரிலேயே முள் 3 வோல்ட்டை ஒட்டி நின்றது. முதலில் எடுத்த அளவை அடிக்க வேண்டாம், பக்கத்தில் காரணத்தை எழுது என்று அவளிடம் சொன்னேன்.