திருகோணமலையில் நிலக்காட்சி ஒளிப்படம்: புறப்படுமுன் செய்யவேண்டிய திட்டமிடல்

திருகோணமலைக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இடங்களைப் பட்டியலிடத் தொடங்குகிறார்கள். மாதத்தைத் தீர்மானிக்காமல் அந்தப் பட்டியலுக்குப் பெரிய பயன் இல்லை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை வரும், கடல் கலங்கிக் கொந்தளிக்கும், வானம் கனத்து நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால், உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் காலைக் கடல் அடங்கிக் கிடக்கும். ஆனால் வானம் பல நாட்களில் முகிலின்றி வெறுமையாகவே இருக்கும். என் தெரிவு ஏப்ரல்தான். பருவங்களுக்கு இடைப்பட்ட அம்மாதத்தில் காலை தெளிந்திருப்பதும் பிற்பகலில் இடிமுகில் திரள்வதும் வழக்கம்.

அடுத்தது திசை. ஏறக்குறைய 8.5 பாகை வட அகலாங்கில் உள்ள இவ்வூரில், வடக்கிலிருந்து கிழக்காக அளந்தால், சூரியன் ஜூன் பிற்பகுதியில் சுமார் 66 பாகையிலும் டிசெம்பர் பிற்பகுதியில் சுமார் 114 பாகையிலும் உதிக்கிறது. கோணேசர் கோயில் நிற்கும் கோணேசர் மலையை உதயத்தின் முன் நிழலுருவாக எடுக்க விரும்புகிறவர், தாம் போகும் நாளுக்குரிய உதயத் திசையை அறிந்து, செய்மதி வரைபடத்தில் மலையுச்சியிலிருந்து அதற்கு நேரெதிராக ஒரு கோடு இழுத்து, அது கரையை எங்கே வெட்டுகிறது என்று பார்க்கவேண்டும். முக்காலியை அங்கேதான் நிறுத்தவேண்டும். மாதம் மாறினால் அந்த இடமும் மாறும் என்பதால், பிறர் எடுத்த படத்தைப் பார்த்து இடம் தெரிவுசெய்யும்போது அது எடுக்கப்பட்ட திகதியையும் தேடிப் பாருங்கள்.

முதல்நாள் மாலையே அவ்விடத்துக்கு நடந்துபோய், கரையேற்றிய வள்ளங்கள் எப்பக்கம் முகம்வைத்து நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்; விடியலில் கரைவலை இழுப்பார்களா என்று அங்குள்ள மீனவ அண்ணன்மாரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். இங்கே சூரியன் சரிவாக அல்லாமல் ஏறக்குறைய நேராகவே எழுவதால், மென்னொளி முடியும் உயரமான 6 பாகையைத் தொடுவானிலிருந்து எட்ட அரை மணித்தியாலம்கூட ஆகாது. இருட்டோடு போய் நிற்காதவருக்கு மென்னொளி கிடைக்காது.

அந்திச் சூரியனுக்குக் கடற்கரை உதவாது. உட்துறைமுகப் பக்கமோ கிண்ணியாப் பாலமோதான் வசதி.

கடலிலிருந்து எழும் முழுநிலவை எடுக்க நினைப்பவர் போயா எனப்படும் முழுநிலா தினத்தைவிட அதற்கு முந்திய நாளைத் தெரிவுசெய்வது நல்லது. போயா அரச விடுமுறை என்பதால் கோயிலிலும் கரையிலும் சனம் நிறைந்திருக்கும். அதைவிட முக்கியமாக, முதல்நாள் நிலவு ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி, பகல் வெளிச்சம் மீதமிருக்கும்போதே எழுவதால், நிலவும் நிலமும் ஒரே படத்தில் விவரத்தோடு பதியும்.

பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாமும் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருப்பதால், அப்பக்கங்களில் கமராவை எடுக்குமுன் காவலில் நிற்பவரைக் கேளுங்கள். ட்ரோன் கொண்டுபோவதாயின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியைப் பயணத்துக்கு வெகுமுன்பே பெற்றுக்கொள்ள வேண்டும்.