வால்வு ஆபரேஷனுக்கு முன் கரோனரி சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் எல்லோருடைய பேச்சும் வால்வைச் சுற்றியேதான். உலோக வால்வா, திசு வால்வா, தேதி எப்போது கிடைக்கும்? இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் இந்தியர்களுக்குச் சுகரும் மாரடைப்பும் இளவயதிலேயே வருகின்றன என்று இங்குள்ள டாக்டர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதனால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள் இந்தக் கேள்வியைத் தாங்களே எடுத்துப் பேச வேண்டும்.

"எக்கோவில் எல்லாம் பார்த்தாச்சே" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வால்வைக் காட்டும், இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று காட்டும். குழாய்க்குள் இருக்கும் அடைப்பை அது காட்டாது. சாதாரணமாகப் படுக்க வைத்து எடுக்கும் இசிஜியும் அப்படித்தான். பெரிய அடைப்பு இருந்தும் இசிஜி நன்றாக இருக்கலாம். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கியவர்களுக்கு இதயச் சுவர் தடித்துப்போவதால், அடைப்பே இல்லாமலும் இசிஜி மாறித் தெரியும்.

நெஞ்சு வலியை வைத்து முடிவு கட்டுவதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. அயோர்டிக் வால்வு நன்றாகச் சுருங்கிவிட்டால், குழாய்கள் சுத்தமாக இருந்தாலும் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கும். தடித்த தசை கேட்கும் ரத்தம் அதற்குப் போய்ச் சேராததுதான் காரணம். "வலி வால்வால்தான்" என்று விட்டுவிடவும் முடியாது. இந்த வால்வு நோய் வந்த வயதானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு கரோனரி அடைப்பும் சேர்ந்தே இருக்கும். இனி மறுபக்கம்: நீண்டகாலச் சுகர் உள்ளவர்களுக்கு அடைப்பு இருந்தும் வலியே தெரியாமல் போகலாம். மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும், அவ்வளவுதான். பெண்களுக்கும் பல நேரம் இப்படித்தான் வருகிறது. "ஆயாவுக்கு வயசாச்சு, அதான் களைப்பு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

அப்படியானால் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கி, மயக்கமோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்துவிட்டவர்களை டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி ஆபத்தாகிவிடும். தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்கு டாக்டர் பக்கத்தில் நின்று செய்வதுண்டு. ஆனால் அடைப்பு உண்டா இல்லையா என்பதற்கு அப்போது எடுக்கும் இசிஜியை நம்ப முடியாது.

யாருக்கு ஆஞ்சியோ, அதாவது கரோனரி குழாய்களுக்குள் சாயம் விட்டுப் படம் எடுக்கும் சோதனை, வேண்டும்? 2021-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொன்னது இது: 40 வயது தாண்டிய ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் என்று ஏதாவது ஒன்று உள்ளவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள், இதயத்தின் பலம் குறைந்தவர்கள். தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கெட்டுப்போன 22 வயதுப் பெண் இந்தப் பட்டியலில் வரமாட்டாள். தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட நோயாளிகள் நிறைய. அவளுக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. அதே நோய் உள்ள 45 வயதுக்காரருக்குச் சுகரும் இருந்தால் கதையே வேறு. வால்வு கெட்டதற்கு ருமாட்டிக்தான் காரணம் என்றாலும், குழாயில் வேறு காரணத்தால் அடைப்பு வந்திருக்கலாம்.

புரட்டாசி முழுக்கக் கறி தொடமாட்டேன், காவடிக்கு விரதம் இருப்பேன், எனக்கு எப்படி அடைப்பு வரும் என்று மனதார நம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. விரதம் நல்லதுதான். ஆனால் பரம்பரையும் சுகரும் பல வருடத்துச் சிகரெட்டும் விரதத்தால் கழிந்துவிடாது. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். "அப்பா திடீர்னு போயிட்டார்" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை வயதில், எப்படி என்பதையும் சொல்ல வேண்டும்.

கையில் துளை போடாமல் சிடி ஸ்கேனிலேயே பார்க்க முடியும். அடைப்புக்கான வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்கு அது அருமையான சோதனை. படம் தெளிவாக வந்து, அடைப்பு இல்லை என்று சொன்னால் நம்பலாம். வால்வில் கிருமி பிடித்துச் சதைபோலத் தொங்கிக்கொண்டிருந்தால், குழாய் விட்டு அதைத் தட்டிவிடாமல் இருக்கவும் சிடியே நல்லது. ஆனால் எல்லோருக்கும் சிடி போதும் என்று நினைப்பது தவறு. நாடித்துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் கலங்கும். மைட்ரல் நோயாளிகளிடம் அது சகஜம். குழாயில் சுண்ணாம்பு நிறைய படிந்திருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்போது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோதான் கடைசி வார்த்தை. இன்னொன்று: ஸ்கேனுக்கு முன் நாக்கின் அடியில், குழாய்களை விரிக்கும் நைட்ரேட் ஸ்பிரே அடிப்பது வழக்கம். அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கு அதனால் பிரஷர் விழலாம். அங்கே இருப்பவர்களிடம் வால்வு நோயைப் பற்றி மறுபடியும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அடைப்பு கண்டுபிடித்த பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு அதிகக் கவலை. ஆஞ்சியோ செய்த கையோடு, அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டும் வைத்துவிடுங்கள் என்று குடும்பம் அவசரப்படும். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் நெஞ்சைத் திறந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். மாத்திரையை நிறுத்தினாலோ ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். வால்வு ஆபரேஷன் இடையில் மாட்டிக்கொண்டு தள்ளிப்போகும். நெஞ்சைத் திறக்கத்தான் போகிறார்கள் என்றால், முக்கியக் குழாய்களில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு இருக்கும்போது, வால்வோடு சேர்த்தே, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் தைக்கும் பைபாஸும் செய்துவிடுவதுதான் வழக்கம். இடது பக்கக் கரோனரி குழாய்கள் பிரியும் முன் உள்ள இடது தாய்க்குழாய்க்கு 50 சதவீதமே போதும். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி முறையில் கணக்கு மாறும். 2024-ல் வெளியான நோஷன்-3 ஆய்வில், டாவியோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு மரணம், மாரடைப்பு, அடைப்பை அவசரமாகச் சரிசெய்யும் சிகிச்சை ஆகியவை சேர்ந்து குறைவாக இருந்தன. ரத்தக்கசிவு கூடுதலாக இருந்தது. எந்த வழி என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

மாத்திரை விஷயம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும் சிறுநீரகப் பிரச்சினை இருப்பதையும் சாயம் போடும் முன்பே சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துத்தான் திரும்பக் கொடுப்பார்கள்.

தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்துகொண்டு, ஆபரேஷனுக்கு டர்பனில் உள்ள லுதுலி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சர்ஜன் படத்தை ஓடவிட்டுப் பார்த்துத்தான் எங்கே பைபாஸ் போடுவது என்று தீர்மானிப்பார், அதனால் ஆஞ்சியோ படம் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். வரிசையில் காத்திருந்து மாதங்கள் ஓடி, நடுவில் புதிதாக நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், பழைய ஆஞ்சியோ நன்றாகத்தான் இருந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே போய்க் காட்டுங்கள்.