தகராறில் உள்ள கூடுதல் வேலைக்குப் பணம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுமானத் தளத்தில் ஒரு வேலையைச் செய்யும்படி, ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் பொறியாளர் உத்தரவிடுகிறார். அது ஒப்பந்த விலைக்குள் அடங்கியது என்கிறார் உரிமையாளர், அடங்காதது என்கிறார் ஒப்பந்ததாரர். நிறுத்தினால் ஒப்பந்த மீறல் என்ற பழி வரும் என்பதால் வேலை பெரும்பாலும் தொடர்கிறது. கூலியும் பொருள் விலையும் உடனே கையை விட்டுப் போகின்றன. வரவேண்டிய பணமோ தகராறு தீரும்வரை நிற்கிறது. அந்தக் காலம் முழுவதும் ஒப்பந்ததாரர் உரிமையாளருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை உணராததுதான் முதல் தவறு.

நல்லுறவு கெடும் என்று எண்ணி எழுத்து மூலமான அறிவிப்பைத் தள்ளிப்போடுவது அதைவிடக் கொடியது. பன்னாட்டுக் கட்டுமானப் பணிகளில் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான 1999ஆம் ஆண்டு ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின்படி, கோரிக்கைக்குக் காரணமான நிகழ்வு தெரியவந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய, நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவிப்புத் தராவிட்டால் கூடுதல் பணத்துக்கான உரிமையே போய்விடும். 'உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்த வேலையைச் செய்கிறோம்' என்று ஒரு கடிதம் எழுதுவதால் உறவு கெட்டுவிடாது, எழுதாததால் நொடித்துப்போகலாம்.

அடுத்தது கணக்கு. தகராறுக்குரிய வேலையின் ஆட்கள், இயந்திர மணிநேரம், பொருட்கள் ஆகியவற்றை மற்ற வேலையோடு கலந்து எழுதிவிட்டு, இறுதியில் மொத்த நட்டத்தையும் கோரினால் நடுவர் அதை ஐயத்துடனேயே பார்ப்பார். தனிக் கணக்குத் தலைப்பும், தளத்தில் அன்றன்றே இரு தரப்பும் கையெழுத்திட்ட தினப்பதிவும் வேண்டும். கையெழுத்து, பணம் தரும் பொறுப்பை ஏற்பதற்கல்ல, அளவை உறுதிசெய்வதற்கு மட்டுமே என்று அந்தத் தாளிலேயே குறித்துவிட்டால் மறுப்பவர்கூடப் பெரும்பாலும் இசைவார்.

சான்றளிக்கப்பட்ட பில்லை நம்பிக் கடன் தரும் வங்கி, தகராறில் உள்ள தொகையை ஈடாக ஏற்பது அரிது. ஆகவே பலர் ஓவர்டிராஃப்டை எடுத்து ஆண்டுக்கணக்கில் இழுக்கும் தகராறில் முடக்குகிறார்கள். அதனால் தகராறே இல்லாத வேலைகளுக்கும் பணம் வற்றுகிறது. கோரிய தொகை முழுவதையும் வருமானமாகக் காட்டுவதும் இந்த மயக்கத்தை வளர்க்கும். காட்டிய வருமானத்தைப் பின்னர் பெருமளவில் குறைக்க நேராது என்பது மிக உறுதியாகத் தெரியும் அளவுக்கு மட்டுமே காட்ட, வருமானத்தைக் கணக்கில் காட்டுவதற்கான பன்னாட்டுக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 இடமளிக்கிறது.

கட்டிய வட்டியை வங்கி அறிக்கைகளோடு கோரிக்கையில் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். உரிமையாளர் மறுக்காத பகுதிக்கு உடனே பில் போட வேண்டும். அந்தப் பகுதியைப் பெறும்போது, 'முழுத் தீர்வு' என்ற வாசகம் உள்ள ரசீதில், மீதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பதைக் குறிப்பிடாமல் கையெழுத்திடவே கூடாது.